கை போகிற இடம்

புதுத் துப்பாக்கியோடு என்னிடம் வருகிறவர்களை முதலில் ஒரு கேள்வி கேட்பேன். யாருக்குப் பயந்து வாங்கினீர்கள்? பெரும்பாலும் சிரித்து மழுப்புவார்கள். வீட்டுமனை வியாபாரம் செய்கிறவர்கள் "சும்மா ஒரு சேஃப்டிக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு மோதிரத்தைத் திருகிக்கொண்டிருப்பார்கள். சவரிநாதன் ஒருவர்தான் கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்னார்.

"நாலு பேருக்கு மேடம். பேரு சொல்லவா?"

என் பெயர் ஷாஸியா. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து அங்கேயே நாற்பத்தாறு வயதானவள். ஒரு காலத்தில் பிஸ்டல் போட்டிகளில் மாநிலத்துக்காகச் சுட்டேன். இப்போது ஒரு கிளப்பில் பயிற்சி கொடுக்கிறேன். லைசென்ஸ் வாங்கி வருகிறவர்களின் துப்பாக்கி நம்பத் தகுந்ததுதானா, சுடுதளத்தில் எப்படி நடந்துகொள்கிறது, இடுப்பில் மறைத்து எடுத்துப்போகத் தோதுப்படுமா என்று பார்த்து ஒரு பக்கம் எழுதித் தருவேன். நான் எழுதித் தந்தால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சவரிநாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ராயபுரத்துக்காரர். எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். போன வருஷம் அந்த யார்டுக்கு வெளியே வரிசையில் நின்ற டிரெய்லரிலிருந்து டீசல் திருடினார்கள். தட்டிக்கேட்ட டிரைவரை நான்கு பேர் ஜாக்கி ராடால் அடித்தே கொன்றுவிட்டார்கள். பட்டப்பகல். பதினைந்து பேராவது பார்த்திருப்பார்கள். பார்த்தேன் என்று போலீஸில் சொன்னவர் சவரிநாதன் மட்டும்தான். இப்போது அந்த நால்வரும் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். அவர் வீட்டு வாசலில் இரண்டு முறை ஜாக்கி ராடு ஒன்றைச் சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பெரம்பூர்ல மச்சான் வூடு கீது. சாட்சி சொல்ற வரைக்கும் அங்க போய் குந்திக்கினு இருன்றாங்க" என்றார். "நான் இன்னா தப்பு பண்ணேன், ஓடிப்போறதுக்கு? காலைல போய் பாலு வாங்கணும். ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போவணும். சாயங்காலம் டீக்கடைல நின்னு நாலு பேராண்ட பேசணும். எந்தெருவுல நான் எப்பவும் போல நடக்கணும் மேடம். அதுக்கு இது ஒதவுமா, அத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மேசைமேல் பெட்டியை வைத்தார். புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் பாயின்ட் முப்பத்திரண்டு பிஸ்டல். தோட்டா இல்லை என்று அவர் சொன்னார். நானும் எடுத்துப் பார்த்தேன். யார் சொன்னாலும் நானே பார்ப்பேன், என் அம்மா சொன்னாலும் பார்ப்பேன்.

நல்ல பொருள்தான். கைப்பிடி கொஞ்சம் குட்டை, சவரிநாதனின் சுண்டுவிரலுக்கு இடமில்லை. முதல் தோட்டாவுக்கு விசையை மூச்சைப் பிடித்து இழுக்கவேண்டும், அடுத்தடுத்தவை லேசாகப் போய்விடும். அதனால் முதல் குண்டு எப்போதும் இடதுபுறம் கீழே இறங்கியது. மற்றவை பத்து மீட்டரில் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அறுபது தோட்டாவில் ஒரே ஒருமுறை சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி வெளியே விழாமல் மாட்டிக்கொண்டது. கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டபின் அந்தத் தொந்தரவும் இல்லை. குறி சுடுவதற்குச் சுமார், தற்காப்புக்குப் போதும் என்று எழுதினேன்.

சவரிநாதன் சுடுவதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கண்ணை மூடினார். கிரேன் இரைச்சலிலும் ஹாரன் சத்தத்திலும் முப்பது வருஷம் நின்ற மனிதர், தன் கையிலிருந்து வரும் சத்தத்துக்கு அப்படி நடுங்கினார். மூன்றாவது நாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறைத்து எடுத்துப்போவதைச் சோதிக்க அவர் வீட்டுக்கே போனேன். வெளிநாட்டுக்காரர்கள் புத்தகங்களில் எழுதியிருக்கிற முறையெல்லாம் கோட்டுப் போட்டவர்களுக்கு. மே மாதத்து ராயபுரத்தில் கோட்டுக்கு எங்கே போவது? அரைக்கைச் சட்டையை வெளியே விட்டு, பேன்டுக்கு உள்பக்கம் உறையைச் செருகி, நடக்கச் சொன்னேன், குனியச் சொன்னேன், பைக்கில் உட்காரச் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க நானும் அவர் மனைவி ஐரீனும் சோபாவில் அவருக்கு இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்தோம். ஐரீன் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்போதுதான் முதல்முறை சிரிப்புச் சத்தம் கேட்டேன். வியர்வையில் மூன்றே நாளில் ஓரத்தில் துரு பூத்தது. கடல் காற்று வேறு. தினமும் துடைக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"தெரியுதா?" என்று ஐரீனைக் கேட்டார், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே.

"துப்பாக்கி தெரியல. ஆனா நீ நடக்கறது வேற யாரோ நடக்கற மாதிரி கீது" என்றாள் ஐரீன்.

பழகிவிடும் என்று நான் சொன்னேன். எதையும் பழக்கிவிடலாம் என்பது என் தொழிலின் நம்பிக்கை. கோயிலுக்குள் மட்டும் எடுத்துப்போகக் கூடாது, பூட்டி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அதன்பிறகு இரண்டு வாரம், காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உருவிப் பழகினோம். சட்டையைத் தூக்கி, பிடியைப் பற்றி, எடுத்து, நீட்டவேண்டும். ஆரம்பத்தில் நாலு நொடி ஆனது. சட்டை நுனி மாட்டும், இல்லை உறையே கையோடு வந்துவிடும். நான் கத்தினேன். "அதுக்குள்ள அவன் உங்கள முடிச்சிட்டு பிரியாணி சாப்ட போயிருப்பான்ணே!" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போயும் கண்ணாடி முன்னால் செய்திருக்கிறார். கடைசியில் ஒன்றரை நொடிக்கு வந்துவிட்டார்.

ஆபத்து வருவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அதில் சொந்த அனுபவம் கிடையாது. சுடுதளத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்போம், எதிரே காகிதம்தான் இருக்கும். வாழ்நாளில் ஒரு மனிதனை நோக்கி நான் துப்பாக்கியைத் திருப்பியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. என்றோ ஒரு முகாமில், வெளிநாட்டில் பயிற்சி எடுத்து வந்த ஒருவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"மூஞ்ச பாக்காதீங்க. மூஞ்சி ஏமாத்தும். கையப் பாருங்க. எதிர்ல வர்றவன் கை இடுப்புக்குப் போச்சுன்னா யோசிக்காதீங்க. அவன் எடுக்கறதுக்குள்ள நீங்க எடுத்திருக்கணும்."

"இடுப்புக்குப் போச்சுன்னா" என்று அவர் திருப்பிச் சொன்னார். அதையும் பழக்கினேன். நானே எதிரே நடந்து வந்து, சில தடவை தலையைக் கோதுவேன், சில தடவை கையை இடுப்புக்குக் கொண்டுபோவேன். அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. என் அறிக்கையின் கடைசி வரியில், ஆயுதமும் உரியவரும் தயார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், ஐரீன் போன் செய்தாள். அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை.

"ஷாஸியா, நீ ஒடனே வா. இவரு நம்ம தீபன் மேல துப்பாக்கிய நீட்டிட்டாரு."

ஆட்டோவில் போகும்போது யார் இந்தத் தீபன் என்று யோசித்தபடியே போனேன். அந்த நால்வரில் ஒருவன் பெயர் அதுவாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இல்லை.

தீபன் காத்திவாக்கத்துக்காரன், முப்பத்தெட்டு வயது. கழிமுகத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவன். தண்ணீர் கெட்டுப்போய் இறால் குறைந்தபோது, சவரிநாதன்தான் அவனை யார்டில் கன்டெய்னர்களுக்குச் சங்கிலி போடுகிற வேலையில் சேர்த்துவிட்டார். மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்று பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறான். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பையில் இறால். சவரிநாதன் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பியிருக்கிறார். தெருமுனையில் ஐஸ் கடையருகே இருவரும் எதிரெதிரே வந்தார்கள். தீபன் லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். அண்ணனைப் பார்த்ததும், நம் ஊரில் எந்த ஆண்பிள்ளையும் செய்வதை அவனும் செய்தான். மரியாதைக்கு லுங்கியை இறக்கிவிட, கை இடுப்புக்குப் போனது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சவரிநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மேசைமேல், தோட்டாக்கள் தனியே ஒரு தட்டில்.

"நான் யோசிக்கல தங்கச்சி. நீ சொன்ன மாதிரியேதான்" என்றார். அதுவரை என்னை மேடம் என்றவர். "கை போச்சு. எடுத்துட்டேன். வெரலு வெசைல கீது. அவன் மூஞ்ச நான் பாக்கவே இல்ல. லுங்கி அவுந்து காலு மேல வியுது. அது கணுக்கால தொட்டப்புறம்தான் இது லுங்கின்னு தெரியுது. அப்பால தல தூக்கிப் பாக்கறேன், தீபன்! எந்தம்பி மாதிரி அவன்!"

என் வீட்டிலும் ஆண்கள் இருக்கிறார்கள். என் அண்ணன்கள் தெருவில் பெரியவரைக் கண்டால் லுங்கியை இறக்குவதை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கைகள் இடுப்புக்குப் போகின்றன. அவ்வளவும் மரியாதை. பைக், ஷேர் ஆட்டோ, வியர்வை, துரு என்று எத்தனை சோதித்தேன்! யாரோ ஒரு பெல்ட் கட்டிய ஊர்க்காரன் சொன்னதை இங்கே கொண்டுவந்து, மரியாதைக்குப் போகிற கையைச் சுடும்படி ஒரு நல்ல மனிதரைப் பழக்கினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"முதல் குண்டுக்கு அவ்ளோ பலமா இழுக்கணும்னு இருந்துச்சே, அதான் காப்பாத்துச்சா?" என்று கேட்டேன். எனக்கு ஏதாவது ஒரு ஆறுதல் தேவைப்பட்டது.

"தெரியல. நான் இழுத்தனா இல்லியான்னே தெரியல" என்றார். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அவன் ஓடல. பைய கீழ போட்டுட்டு அப்படியே நின்னுகினு இருந்தான். 'அண்ணே, நான் தீபன்ணே'ன்றான். நான் எங்கைல துப்பாக்கிய வெச்சிகினு கீறேன், அவன் அவம்பேர எனக்கு சொல்றான்."

அன்று மதியமே அவர் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். நானும் கூடப் போனேன். நடந்ததை அவரே சொன்னார், என் பங்கை நான் சொன்னேன். தீபனை வரவழைத்துக் கேட்டார்கள். புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர்கள் எங்களைக் கடுமையாகத் திட்டி அனுப்பினார்கள். திட்டியது போதாது என்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டு வாரம் கழித்துக் காத்திவாக்கத்துக்குப் போனேன். தீபன் வீட்டுக்கு வெளியே வெயிலில் சங்கிலிக் கொக்கி ஒன்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். நான் யாரென்று சொன்னேன். தப்பு சவரி அண்ணனுடையது இல்லை, அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான், என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அவரு மேல எனக்கு கோவமே இல்லக்கா" என்றான். "உசுரு பயம். யாரா இருந்தாலும் அப்டிதான். காது குத்துக்கு வந்தாரே, பாப்பாக்கு கம்மல் போட்டாரு."

"பின்ன நல்லாத்தான இருக்கீங்க ரெண்டு பேரும்?"

கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க அப்பாவுக்குக்கூட நான் லுங்கி எறக்குனது இல்லக்கா. அந்தாளு குடிச்சிட்டு அடிப்பாரு. சவரி அண்ணனப் பாத்தா கை தானா போவும். யாரும் சொல்லல. இப்பவும் போவுது. காது குத்து அன்னிக்கு அவரு உள்ள வராரு, எங்கை போவுது. நான் இன்னொரு கையால அத்த புடிச்சிக்கினேன்." இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். "அவரு பாத்துட்டாரு. அதான் எனக்கு பேஜாரா கீது."

ஆகஸ்டில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. கோர்ட்டுக்கு நானும் கூட வருகிறேன் என்று ஐரீனிடம் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்று பயந்தேன். சரி, நீயே கூட்டிக்கொண்டு போ, நான் வீட்டில் இருக்கிறேன் என்றாள். சவரிநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூண்டில் ஏறி, அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கைநீட்டிக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டார், நிதானம் இல்லாதவர் என்று காட்டுவதற்காக. "ஆமாங்க, நீட்டுனேன். அது என் தப்பு. அதுக்காக இவங்க அடிச்சத நான் பாக்கலன்னு ஆவுமா?" என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மாலை நாலரைக்கு ராயபுரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார், நடந்து போகலாம் என்றார். பல மாதத்தில் முதல்முறையாகத் தோளின் இறுக்கம் தளர்ந்து நடந்தார். இரண்டு அடி பின்னால் நான்.

டீக்கடையில் நாலைந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லோரும் அவரோடு வளர்ந்தவர்கள், அவர் வேலை வாங்கிக் கொடுத்தவர்கள். அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டீ கிளாஸ் வைத்திருந்தவர்கள் அதை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்துத் தெரியும்படி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கையும் கீழே போகவில்லை. லுங்கிகள் முழங்காலுக்கு மேலேயே இருந்தன.

"வாங்கண்ணே, இன்னா ஆச்சு கோர்ட்ல?" என்று ஒருவர் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கமுடியவில்லை. இது வெறுப்பு இல்லை, மூன்று மாதமாக அவருக்காக அவர்கள் கவனமாகப் பழகிக்கொண்டது.

சவரிநாதன் நின்றுவிட்டார். அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்றார். "ஸ்டேஷன்ல குட்த்துட்டேன். உங்களுக்குத் தெரியும் இல்ல? ஒண்ணுமே இல்ல, பாருங்க."

வெறும் இடுப்பைக் காட்டுவதற்காகச் சட்டையைச் சட்டென்று மேலே தூக்கினார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. உடனே அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரோ சிரிக்க முயன்றார். சவரிநாதன் சட்டையை இறக்கவில்லை. வெளுத்துப்போன வயிறும் பனியனும் தெரிய, அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் தெரு நடுவில் நின்றார். என்னால் அவர் பக்கத்தில் போக முடியவில்லை. ஐரீன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து, அவர் விரல்களைப் பிரித்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.